பிரசவப் பதிவேடுகள் கூறும் வரலாறு

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. அரசன் முடிசூடிய ஆண்டு, அவன் வென்ற ஊர், கோயிலுக்கு அவன் விட்ட நிலத்தின் எல்லை ஆகியவற்றை அவை நமக்குத் தெரிவிக்கின்றன. ஆனால் அவ்வரசனை வயிற்றில் சுமந்த காலத்தில் அவன் தாய் என்ன உண்டாள், எவ்வாறு உடல் நலிந்தாள், எத்தனை மக்களைப் பெற்று எத்தனை மக்களை இழந்தாள் என்று அறிய விரும்பினால் எந்தக் கல்லும் வாய் திறப்பதில்லை. அரசமாதேவியின் நிலையே அதுவாயின், களை பறித்தும் கல் சுமந்தும் வாழ்ந்த பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. தாய்மாரின் உடல்நலம் எழுத்தில் இடம்பெறத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அதற்கு இடம் கொடுத்தது பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவேடு. அப்பதிவேட்டை வரலாற்றுச் சான்றாக வைத்து என்னென்ன அறிய முடிந்தது என்பதையே இங்கு நாம் நோக்குவோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். பிறப்பைப் பற்றிய பதிவுகள் இரு வகைப்படும். ஒன்று அரசாங்கப் பதிவு. வங்காளத்தில் 1873-லும், இந்தியா முழுமைக்குமாக 1886-லும், சென்னை மாகாணத்தில் 1899-லும் இதற்குச் சட்டங்கள் பிறந்தன. சுதந்திர இந்தியாவில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடெங்கும் ஒரே முறையை வகுத்தது. எத்தனை குழந்தைகள் பிறந்தன, ஆணா பெண்ணா, பெற்றோர் யார் என்பவற்றை இப்பதிவிலிருந்து அறியலாம். மற்றொன்று மருத்துவமனையின் பிரசவக் குறிப்பு. தாயின் வயது, அவளுக்கு இது எத்தனையாவது பேறு, பிரசவம் எவ்வாறு நிகழ்ந்தது, குழந்தையின் எடை என்ன என்பவை இதில் இருக்கும். முன்னது மக்களை எண்ணுகிறது. பின்னது மனித உடலை அளக்கிறது. தாயின் கதை மறைந்திருப்பது இந்த இரண்டாவது ஏட்டில்தான்.

கருவுற்ற பெண்ணை, அவளுக்கு வலி காண்பதற்கு முன்பே மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்னும் கருத்து இன்று நமக்கு மிக இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை மேனாட்டு மருத்துவமனைகளிலும் அது வழக்கமாகவில்லை. வலி எடுத்த பின்னரே, அதுவும் பல சமயங்களில் நிலைமை முற்றிய பின்னரே, பெண் கொண்டுவரப்பட்டாள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜான் வில்லியம் பாலன்டைன் என்னும் மருத்துவர், பிரசவத்துக்கு முந்திய மாதங்களைக் கவனிக்கத் தனி ஏற்பாடு தேவையென்று 1901-இல் வற்புறுத்தி எழுதினார். அவ்வாண்டிலேயே அந்நகரின் பிரசவ மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கென ஒரு படுக்கை ஒதுக்கப்பட்டது. ஒரே ஒரு படுக்கைதான்! அங்குக் கர்ப்பிணிகள் வந்து பார்த்துச் செல்லும் பிரிவு ஏற்பட 1915-ஆம் ஆண்டு ஆயிற்று. பின்னர் 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம், 16, 24, 28-ஆம் வாரங்களில் ஒவ்வொரு முறை, பின் 36 வாரம்வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, அதன் பின் வாரந்தோறும் என்று பரிசோதனைக்கு ஒரு காலக்கணக்கு வகுத்தது. அந்தக் கணக்கே உலகின் பல நாடுகளுக்கும் பரவி, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆட்சி செலுத்தியது.

இவ்வளவு ஏற்பாடும் தாய்மாரின் உயிரைக் காத்ததா? இக்கேள்விக்கு விடை கூறியவையும் பதிவேடுகளே. இங்கிலாந்தில் 1900 முதல் 1935 வரை, ஆயிரம் பிரசவங்களுக்கு 4 அல்லது 5 தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். பரிசோதனை நிலையங்கள் ஊருக்கு ஊர் பெருகிய காலத்திலும் அந்த எண் இறங்கவில்லை. பிரசவ ஜுரத்தைப் போக்கும் சல்பா மருந்துகள் 1930-களின் நடுவில் வந்தன. பின்னர் பெனிசிலினும், இரத்தம் ஏற்றும் வசதியும் வந்தன. அதன் பிறகே அந்த எண் சரியத் தொடங்கி, 1950-க்குள் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே வந்தது. பரிசோதனையால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. நோயைக் கண்டறிவது ஒன்று. கண்டறிந்த நோயைத் தீர்க்கும் வழி கைவசம் இருப்பது மற்றொன்று. இரண்டும் கூடினாலன்றித் தாய் பிழைப்பதில்லை. இந்த உண்மையை எவருடைய நல்லெண்ணமும் கூறவில்லை. வரிசையாக எழுதி வைத்த எண்களே கூறின.

இனி, பிறந்த குழந்தையின் எடையை எழுதி வைத்ததால் விளைந்த ஒரு புதுமையைக் காண்போம். இங்கிலாந்தின் ஹார்ட்பர்ட்ஷயர் வட்டாரத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையார் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தலைவியாக இருந்தார். தென்னாப்பிரிக்கப் போருக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞர்களுள் பலர் உடல் வலுவற்றவர்களாக இருந்தது அந்நாட்டைக் கவலையில் ஆழ்த்தியிருந்த காலம் அது. குழந்தைகளைப் பேணாமல் நாடு வலுப்பெறாது என்று உணர்ந்த அவ்வம்மையார், 1911 முதல் தம் வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளின் எடையை மருத்துவச்சிகள் குறிக்கும்படி செய்தார். பின்னர்ப் பணிப்பெண்கள் வீடு தேடிச் சென்று, குழந்தை தாய்ப்பால் உண்டதா புட்டிப்பால் உண்டதா, ஓராண்டு நிறைந்தபோது அதன் எடை என்ன என்பவற்றையும் எழுதினர். ஆண்டுகள் உருண்டன, ஏடுகள் தூசி படிந்து கிடந்தன.

சௌதாம்ப்டன் நகரைச் சேர்ந்த பேராசிரியர் டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1980-களில் அவ்வேடுகளைத் தேடிப் பிடித்தனர். 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் வாழ்வையும் சாவையும் அவ்வேடுகளோடு பொருத்திப் பார்த்து, 1989-இல் தம் முடிவை வெளியிட்டனர். பிறந்தபோதும் ஓராண்டு நிறைந்தபோதும் எடை குறைந்திருந்தவர்களிடையே, பிற்காலத்தில் இருதய நோயால் மாண்டவர் விகிதம் மிகுந்திருந்தது! அறுபது வயது மனிதரின் மார்பு வலிக்கும் அவர் கருவில் இருந்த காலத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்னும் கருத்து மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது, எதிர்ப்பையும் கிளப்பியது. ஆயினும் அந்த ஏடுகளில் ஒரு குறை இருந்தது. குழந்தையின் எடை இருந்தது. அதைச் சுமந்த தாயின் எடை இல்லை. கருவின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் ஆராய்ச்சியில், கருவைத் தாங்கியவளைக் காணோம்.

அந்தக் குறையை நிறைவு செய்யும் ஏடுகள் கிடைத்த இடம் நம் நாட்டிலேயே உள்ளது. மைசூர் நகரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையைத்தான் குறிப்பிடுகிறோம். ‘மிஷன் ஆஸ்பத்திரி’ என்று ஊரார் அழைக்கும் இது 1906-இல் கிறிஸ்தவ ஊழியர்களால் நிறுவப்பட்டது. இங்கு 1934 முதல் பிரசவக் குறிப்புகள் ஒழுங்காக எழுதப்பட்டுப் பாதுகாக்கப்பட்டு வந்தன. குழந்தையின் எடை மட்டுமன்று. அதன் நீளமும் தலையின் சுற்றளவும் குறிக்கப்பட்டன. அதனினும் சிறப்பு, தாயின் எடையும் அவளுடைய இடுப்பெலும்பின் அளவுகளும் எழுதப்பட்டிருந்தன. இடுப்பெலும்பு குறுகியிருந்தால் குழந்தை வெளிவர வழியின்றித் தாயும் சேயும் மாளக்கூடும். ஆகவே முன்கூட்டியே அளந்து அறிவது அக்கால மருத்துவத்தின் முக்கியமான எச்சரிக்கை. மைசூர் மன்னராட்சியில் இருந்த காலத்திலேயே, அந்நகரத்து எளிய பெண்கள் பலர் பிரசவத்துக்கு முந்திய கவனிப்பைப் பெற்றனர் என்பதற்கு அந்த அளவுகளே சாட்சி.

கரோலின் ஃபால் என்னும் சௌதாம்ப்டன் மருத்துவரும் மைசூர் மருத்துவமனையின் குழுவினரும் 1990-களில் இவ்வேடுகளை ஆராயத் தொடங்கினர். ஏடு கையில் இருப்பது வேறு. ஏட்டில் உள்ளவரைக் கண்டுபிடிப்பது வேறு. பிறந்த அன்று குழந்தைக்குப் பெயர் ஏது? பெற்றோர் பெயரையும் பிறந்த நாளையும் துணையாகக் கொண்டுதான் தேட வேண்டும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள பகுதிகளில் வீடு வீடாகச் சென்று விசாரித்து, 1934-க்கும் 1954-க்கும் இடையில் அங்குப் பிறந்து, அதன் அருகிலேயே வாழ்ந்துவந்த 517 ஆண்களையும் பெண்களையும் பரிசோதித்தனர். அன்று தராசில் கிடந்த சிசுக்கள் இன்று நரை கண்டவர்களாக அதே மருத்துவமனையின் வாயிலில் வந்து நின்றனர்.

1996-இல் வெளியான முடிவு இது. பிறந்தபோது 2.5 கிலோ, அதாவது ஐந்தரைப் பவுண்டு, அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நோய் காணப்பட்டது. 3.1 கிலோவுக்கு மேல் இருந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே காணப்பட்டது. வயது 45-ஐக் கடந்தவர்களிடம் இந்த வேறுபாடு மேலும் தெளிவாக இருந்தது. எல்லாரினும் மிகுதியாக, நூற்றுக்கு 20 பேர் என்னும் அளவில் நோய் கண்டது யாரிடம் தெரியுமா? தாமும் எடை குறைந்து பிறந்து, கருவுற்ற காலத்தில் தம் தாயும் 45 கிலோவுக்குக் குறைவாக இருந்தவர்களிடம். ஹார்ட்பர்ட்ஷயர் ஏடுகளில் காணாத தாய், மைசூர் ஏடுகளில் வெளிப்பட்டாள். மகனின் இருதயத்தில் தெரிந்தது, அவன் தாயின் உடலில் ஊறிய வறுமையின் தழும்பு.

ஆயின் வரலாறு நேர்கோட்டில் செல்வதில்லை. அதே மைசூர் மக்களிடம் நீரிழிவு நோயை ஆராய்ந்தபோது, 1998-இல் வேறொரு செய்தி கிடைத்தது. எடை குறைந்து பிறந்தவர்களுக்கே நீரிழிவு மிகுதி என்று இங்கிலாந்து ஏடுகள் கூறியிருந்தன. மைசூரிலோ, நீளம் குறைந்து, ஆனால் அந்த நீளத்துக்கு மிஞ்சிய பருமனோடு பிறந்தவர்களிடம் நீரிழிவு மிகுந்திருந்தது. அவர்களுடைய தாய்மாரும் எடை மிகுந்தவர்களாக இருந்தனர். இதற்குக் காரணம் என்ன? கருவுற்ற காலத்தில் அத்தாய்மாருள் சிலருக்கு, எவரும் அறியாமலே, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் ஊகித்தனர். ஆனால் அதை உறுதி செய்ய ஏட்டில் வழியில்லை. தாயின் இரத்தத்தில் இருந்த சர்க்கரையின் அளவு அதில் குறிக்கப்படவில்லை.

அந்த வெற்றிடமே அடுத்த ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. அதே மருத்துவமனைக்கு 1997, 1998 ஆண்டுகளில் வந்த 830 கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்தனர். நூற்றுக்கு 6 பேருக்கு கர்ப்பகால நீரிழிவு இருந்தது தெரியவந்தது. அவர்கள் பெற்ற குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். இத்துறையில் சென்னையும் பின்தங்கவில்லை. மருத்துவர் வீ. சேஷையா, கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதை வற்புறுத்தி வந்தவர்களுள் முதன்மையானவர். இந்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, கர்ப்பிணி முதன்முறை வரும்போதே ஒரு பரிசோதனையும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மற்றொரு பரிசோதனையும் செய்ய வேண்டும் என்கிறது.

இவ்விடத்தில் நாம் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பதிவேடு பொய் பேசாது. ஆனால் முழு உண்மையையும் பேசாது. 1934-இல் மருத்துவமனையை நாடியவர் சிலர்; வீட்டில் மருத்துவச்சியின் கையில் பெற்றவரே பலர். அந்தப் பலரின் கதை மைசூர் ஏட்டில் இல்லை. பிறந்த குழந்தைகளுள் இளமையிலேயே இறந்தவரும் ஊரை விட்டுப் போனவரும் ஆராய்ச்சியில் சேரவில்லை. ஐந்நூறு பேரைக் கொண்டு கண்ட விகிதத்தை ஐம்பது கோடிப் பேருக்குப் பொதுவாக்குவதும் முறையன்று. எடைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதனால், எடை ஒன்றே நோய்க்குக் காரணம் என்றும் ஆகிவிடாது.

இன்னொரு தவறு இதனினும் கொடியது. ‘தாய் சரியாக உண்ணவில்லை, பிள்ளைக்கு நோய் வந்தது’ என்று பழியைத் தாயின் தலையில் சுமத்துவதுதான் அது. 45 கிலோ எடையுள்ள பெண், கருவுற்ற நாளில் அந்த எடைக்கு இறங்கியவள் அல்லள். அவள் சிறுமியாக இருந்தபோது வீட்டில் கடைசியாக உண்டவள். முழு வளர்ச்சி பெறுமுன் மணம் முடிக்கப்பட்டவள். ஒரு பேற்றின் களைப்பு ஆறுமுன் மறு பேற்றை ஏற்றவள். பதிவேட்டில் ஒரு கட்டத்துக்குள் எழுதிய எண், ஒரு குடும்பமும் ஒரு சமுதாயமும் இருபது ஆண்டு நடந்துகொண்ட விதத்தின் கூட்டுத்தொகை. அதை அவ்வாறு படிக்கத் தெரிந்தால்தான் நாம் வரலாறு படித்தவர் ஆவோம்.

அக்காலத்தில் தாய்மாரின் நிலை நாடு முழுவதும் எவ்வாறு இருந்தது என்பதற்கு, 1946-இல் அறிக்கை அளித்த போர் குழுவின் மதிப்பீடு ஒன்று போதும். சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் புகழ் பெற்ற டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் மாண்டனர் என்றும், ஆயிரம் பிறப்புக்கு 20 தாய்மார் இறந்தனர் என்றும் அக்குழு மதிப்பிட்டது. லட்சம் பிறப்பு என்று கணக்கிட்டால் அது 2,000. இந்தியப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவு முறைப்படி 2018–20 ஆண்டுகளில் அந்த எண் 97. இருபதில் ஒரு பங்காகக் குறைந்த இந்தத் துன்பத்தின் அளவை நாம் மதிக்க முடிவதற்குக் காரணம், எண்ணி எழுதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியதுதான்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இதில் தனிப்பட்ட பொருள் ஒன்று உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நம் தொன்றுதொட்ட வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, மும்பையிலிருந்தோ தில்லியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நம் பெண்கள் திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் புறப்படுகின்றனர். பெண்ணுக்கு ஆதரவும் ஓய்வும் தரும் அந்த வழக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பெண் வந்து சேர்கிறாள்; அவளுடைய ஏடு வந்து சேர்வதில்லை. வளையலும் புடவையும் பெட்டியில் ஏறுகின்றன. முதல் ஆறு மாதத்துக் குறிப்புகள் அலமாரியில் தங்கிவிடுகின்றன.

இதனால் என்ன இழப்பு என்று எண்ணலாம். கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தம் நடு மாதங்களில் சற்று இறங்கிப் பின்னர் ஏறுவது இயற்கை. முதல் மூன்று மாதத்து அளவு தெரிந்தால்தான், எட்டாம் மாதத்தில் காணும் அழுத்தம் முன்பே இருந்ததா, கர்ப்பத்தால் புதிதாக எழுந்த ஆபத்தா என்பதை மருத்துவர் எளிதில் வேறுபடுத்த முடியும். எடை எவ்வளவு கூடியது என்பதை அறியத் தொடக்க எடை வேண்டும். பிரசவத்துக்குரிய நாளைச் சரியாகக் கணிக்கத் தொடக்க மாதத்துக் குறிப்பு வேண்டும். குழந்தை சிறிதாக இருக்கிறதா, நாள் நிறையாமல் இருக்கிறதா என்னும் கேள்விக்கு விடை அதிலேதான் இருக்கிறது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பிரசவங்களுள் நூற்றுக்கு 89 மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்கு வந்த தாய்மார் நூற்றுக்கு 70 பேர். ஆகவே ஏடு எழுதப்படாத குறை பெரும்பாலும் நீங்கிவருகிறது. எழுதிய ஏடு தாயோடு பயணம் செய்யாத குறையே எஞ்சி நிற்கிறது.

இதற்கு நாம் செய்யக்கூடியது கடினமானதன்று. கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் தாய் சேய் பாதுகாப்பு அட்டை தருகிறார்கள். கருநாடகத்தில் அதைத் ‘தாயி கார்டு’ என்றே அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டாலே நமக்குப் பொருள் விளங்கும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து வழங்கும் ‘பிக்மி’ எண்ணைப் பற்றியும் புறப்படுமுன் விசாரித்து வைப்பது நலம். தனியார் மருத்துவரிடம் காட்டியவர்கள் இரத்த அழுத்தம், எடை, சர்க்கரை, இரத்தச் சோகை ஆகியவற்றின் குறிப்புகளை ஒன்று சேர்த்து எடுத்துச் செல்லலாம். பிரசவம் முடிந்து திரும்பும்போது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழோடு, அதன் எடை எழுதிய மருத்துவமனைக் குறிப்பையும் மறவாமல் கொண்டுவர வேண்டும். சான்றிதழ் பள்ளிக்கூடத்துக்குப் பயன்படும். அந்தக் குறிப்பு வாழ்நாள் முழுவதும் பயன்படும்.

மைசூரில் 1934-இல் ஒவ்வொரு சிசுவையும் தராசில் இட்டு, தாயின் எடையையும் விடாமல் எழுதிய செவிலியர், அறுபது ஆண்டுக்குப் பின் அந்த எண்கள் எதற்குப் பயன்படும் என்பதை அறிந்திருக்க இயலாது. இரவு இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தைக்கும் அவர்கள் அளவெடுத்தார்கள். தங்களுக்கு இட்ட வேலையைச் சோம்பலின்றிச் செய்தார்கள். அரசர்களின் கல்வெட்டுக்கு நிகரான சான்று அந்த வேலையிலிருந்து பிறந்தது. இன்று எழுதப்படும் ஏடுகளைப் படிக்கப்போகிறவர்கள் இனிமேல் பிறக்க இருக்கிறார்கள். அவர்கள் புரட்டும் பக்கத்தில் குழந்தையின் எடைக்கு எதிரே தாயைப் பற்றிய கட்டம் வெறுமையாக இராதபடி பார்த்துக்கொள்வது, மருத்துவருக்கும் செவிலியருக்கும் மட்டுமன்று, குடும்பத்தார் ஆகிய நமக்கும் உரிய கடமை.